இருவர் அமரும் பரண்

நெஞ்சில் நீதி உள்ளவர்களே, வாருங்கள். விஸ்கான்சின் ஓக் காட்டில், வில்வேட்டைப் பருவம் தொடங்க ஒன்பதே நாள் இருக்கையில், ஒருவன் வாய் திறக்காமல் நின்றதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

மான் நடமாட்டம் அறிய மரத்தில் கட்டிவைத்த கேமராவின் படங்களை ஹார்லன் சமையலறை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மான் அண்ணாந்து பார்ப்பது அரிது. அதை நம்பித்தான் வேட்டைக்காரர்கள் பரண் ஏறுகிறார்கள். ஆனால் நாற்பத்தொரு படங்களிலும் இருந்த ஒவ்வொரு மானும் கழுத்தை நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே இடத்தை. ஆளில்லாத ஏணிப் பரணை.

அவனுக்கு அச்சம் வரவில்லை. பத்து மாதமாக அவனுக்கு எதுவும் வருவதில்லை.

பரணை ஆண்டு முழுவதும் மரத்திலேயே விட்டுவைப்பவர்கள், அதை மரத்தோடு இறுக்கும் நைலான் வாரை ஆகஸ்ட்தோறும் மாற்றியாக வேண்டும். பனியும் வெயிலும் வாரைத் தின்றுவிடும். மரமும் பருத்து அதை அறுக்கும். சென்ற ஆண்டு அது ஹார்லனின் பொறுப்பு. மாற்றிவிட்டேன் என்றான், மாற்றவில்லை. தங்கை மார்லிஸின் கணவன் கார்டி சிரித்தான். "உன் சொல்ல நம்பித்தான் உன் தங்கச்சியவே கட்டுனேன் மச்சான். வார நம்ப மாட்டேனா?"

அக்டோபரில் வார் அறுந்தது. பரண் சாய்ந்தது. கார்டியின் கழுத்து முறிந்தது. முதலில் ஓடிவந்த ஹார்லன் யாரையும் அழைக்கவில்லை. பரணை நிமிர்த்தினான். அறுந்த வாரை மரத்தின் பின்புறம் முடிச்சிட்டான். பிறகுதான் தொலைபேசியை எடுத்தான். கார்டி பாதுகாப்புக் கச்சை மாட்டாமல் தவறி விழுந்தான் என்று ஊர் தீர்ப்பெழுதியது. மார்லிஸும் அதை நம்பினாள். பருவத்தின் முதல் நாள் கணவனின் பரணில் தான்தான் அமர்வேன் என்றாள். கோடை முழுவதும் அவள் கொல்லையில் வைக்கோல் கட்டில் அம்பு தைக்கும் ஓசை கேட்டபடியே இருந்தது.

அன்று பிற்பகல் ஹார்லன் புது வாரோடு காட்டுக்குள் போனான். ஈர இலை மக்கும் வாடையும், ஓக் கொட்டைகள் ஒவ்வொன்றாய்ச் சருகில் விழும் ஓசையும், எங்கோ வெகுதொலைவில் சோளம் அறுக்கும் இயந்திரத்தின் முனகலும் அவனோடு மரத்தடிவரை வந்தன, பிறகு நின்றன. ஆறு பெண்மான்கள் பரணைச் சுற்றி நின்றன. அவன் வாடை பட்டும் ஓடவில்லை. திரும்பவும் இல்லை. மேலே பார்த்தன.

அவனும் பார்த்தான்.

இருவர் அமரும் வலை இருக்கை. நடுவில் குழிந்திருந்தது. கனமான ஒன்றைத் தாங்குவதுபோல். காற்றில்லை. ஆனாலும் முடிச்சு கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. மூச்சுவிடுவதுபோல்.

பின்னால் சருகு நொறுங்கியது. மான்கள் விலகி வழிவிட்டன. மார்லிஸ் முதுகில் வில்லோடு வந்தாள்.

"மானெல்லாம் ஓடிப்போகட்டும்னே வந்து நிக்கிறியாண்ணா? உன் வேர்வ நாத்தம் ரோடு வரைக்கும் அடிக்குது."

புது வாரை அவன் முதுகுப்புறம் மறைத்தான். அவள் ஏணியில் கை வைத்தாள். கார்டி உட்கார்ந்த இடத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். கச்சையை மேலே போய் மாட்டிக்கொள்வாளாம்.

"வாரு மாத்திட்டல்ல?"

இப்போது சொன்னால் எல்லாம் சொன்னதாகும். அவன் நாக்கு கட்டைபோல் கிடந்தது. ஆனாலும் அவன் குரல் வந்தது. தெளிவாக. சென்ற ஆண்டு பொய் சொன்ன அதே குரல்.

"மாத்திட்டேன்."

அவள் ஏறினாள். முதல் படி. இரண்டாம் படி. முடிச்சு ஒரு விரல் நழுவியது. மேலே, வலையிலிருந்த குழி அசைந்தது. நடுவிலிருந்து மெல்ல வலப்புறம் நகர்ந்தது. ஓரத்தில் ஒடுங்கியது. இடப்பக்கம் காலியானது. அவளுக்கு இடம்விட்டு.

அவன் சொல்லமாட்டான். அவனை நம்பிக் காத்திருக்காதீர்கள். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி எவரை மேலே ஏற்றியிருக்கிறீர்களோ, எழுந்து போய் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். நாளை அல்ல. இந்த நொடியே.

மார்லிஸ் எட்டாம் படியில் இருக்கிறாள்.