டேப்பட்தான்

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேகமெடுக்க வேண்டிய சத்தம் வேகமெடுக்கவில்லை. அன்று காலை ஷெர்காசியை முதலில் உறுத்தியது அதுதான். வால்வைத் தள்ளும் டேப்பட் தளர்ந்த இஞ்சின் டிக் டிக்கென்று அடிக்கும். மிதித்தால் படபடவென்று அடிக்கும், காலை எடுத்தால் நிதானமாக அடிக்கும். அதற்கென்று சொந்தப் புத்தி கிடையாது. இந்தச் சத்தமோ அவன் காலைச் சட்டை செய்யவே இல்லை. இஞ்சின் உறுமினாலும் முனகினாலும் அது தன்பாட்டுக்கு அடித்தது. நாலைந்து அடி, ஒரு நிறுத்தம். மறுபடி நாலைந்து அடி. கை ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அடிப்பதுபோல.

லாரிக்கு ஷெர்காசியைவிட வயது அதிகம். நாரின் பகுதி மலைகளில் செம்மறி, நிலக்கரி, வைக்கோல் என்று ஏற்றாதது கிடையாது; ஒருமுறை மணப்பெண்ணோடு அவள் வீட்டு அடுப்பையும் சேர்த்து ஏற்றியிருக்கிறது. அதன் ஹாரனுக்கு இரண்டு ஊர் ஆடுகள் வீடு திரும்பும் என்பார்கள். அது புளுகு. ஓர் ஊர் ஆடுகள்தான்.

பக்கத்து வீட்டு துர்தாகுன் தேநீர்க் கிண்ணத்தோடு வேலிமேல் சாய்ந்து நின்றான். ஊரில் எல்லார் வண்டியின் நோயும் அவனுக்குத் தெரியும். அவன் வண்டி மட்டும் மூன்று குளிர்காலமாகக் கோழிகளுக்கு வீடாக இருந்தது.

"டேப்பட்தான்டா" என்றான்.

"மிதிச்சா கூடலையே, அண்ணே."

"பொண்ணு பொறந்ததுலேருந்து உனக்குக் காதுல மணி அடிக்குது. இஞ்சின் ஆறட்டும், மூடியத் திறந்து இடைவெளியப் பாரு. சாயந்தரம் கணவாய்க் கம்பத்தை இறக்கிப் பாதைய அடைச்சிடுவாங்க. அப்புறம் உன் பொண்டாட்டி புள்ள ரெண்டும் வசந்தம் வரைக்கும் ஆஸ்பத்திரிக் கஞ்சிதான்."

அதுதான் ஷெர்காசியின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மனைவி பெர்மெத், மலைக்கு அந்தப் பக்கம் பிரசவ விடுதியில் இருந்தாள். நெடுங்காலம் காத்துப் பிறந்த பெண் குழந்தை. முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. குழந்தையைச் சுற்றக் கம்பளிப் பொதிப்பும், துணியில் சுற்றிய ரொட்டியும் வண்டி இருக்கையில் தயாராக இருந்தன.

"மேல போனதும் இஞ்சினை நிறுத்த மறந்துடாதே" என்றான் துர்தாகுன், உள்ளே போகும்போது. "பனி என்ன பேசுதுன்னு கேட்டுட்டுப் போ."

அந்தக் குளிரில் இஞ்சின் ஆறுவதற்கு ஒரு கிண்ணம் தேநீர் குடிக்கும் நேரம் போதும். வால்வு மூடியின்மேல் பூம்பனி படியத் தொடங்கியபோது ஷெர்காசி நட்டுகளைக் கழற்றினான். பழைய எண்ணெயின் கருகல் மணம், விரல்களைக் கவ்வும் இரும்பின் குளிர், எங்கோ ஒரு குதிரை கனைக்கும் ஓசை. கம்பியை மாட்டி இஞ்சினைக் கையால் சுற்றுவான், வால்வு தளரும் இடத்தில் நிறுத்துவான், வால்வை அமுக்கும் ராக்கரின் அடியில் மெல்லிய இரும்புத் தகட்டை நுழைத்து இழுப்பான். உறைந்த வெண்ணெயிலிருந்து மயிரிழையை உருவுவதுபோல் லேசான பிடிப்போடு வர வேண்டும். ஒவ்வொன்றிலும் அப்படித்தான் வந்தது. கடைசி வால்வில் மட்டும் தகடு வழுக்கிக்கொண்டு வந்தது. அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் புதையல் கிடைத்தவன் என்றே சொல்வீர்கள். "அகப்பட்டியா திருடா" என்று திருகைத் திருப்பி இறுக்கினான்.

டிக். டிக். டிக். டிக்.

கை நின்றது. கம்பி சுற்றவில்லை. இஞ்சின் ஓடவில்லை. மூடியில் படிந்த பூம்பனி உருகக்கூட இல்லை.

இரும்பு சுருங்கும் சத்தம் என்று சொல்லிக்கொண்டான். வீட்டுக் கதவு ஆணியில் தொங்கிய குதிரைச் சவுக்கை எடுத்து, அதன் மரப்பிடியின் ஒரு முனையை இஞ்சின்மேல் வைத்து மறுமுனையைக் காதில் அழுத்தினான். வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நோய் கேட்பார்கள். சத்தம் இருந்தது, தொலைவில். ரேடியேட்டரில் இன்னும் தொலைவு. பின்னால் வந்து, ஓட்டுநர் அறையின் முதுகுத் தகட்டில் வைத்தான்.

காதுக்குள்ளேயே அடித்தது.

அறைக்குள்ளிருந்து. முழங்கை உயரத்தில். இரும்பால் இரும்பை.

சுற்றி வந்து கதவைத் திறந்தான். இருக்கை. பொதிப்பு. ரொட்டி. வேறொன்றும் இல்லை. சத்தமும் இல்லை. உள்ளே மட்டும் ஏதோ நாற்றம்: நனைந்த கம்பளியும், நெடுநேரம் அடைத்துக் கிடந்த மனித மூச்சும். கதவைச் சாத்தியதும் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. கையிலிருந்த ஸ்பேனரால் முதுகுத் தகட்டை மெல்லத் தட்டினான். இரண்டு தட்டு.

உள்ளே சத்தம் நின்றது.

பிறகு வெடித்தது. கணக்கில்லாமல், மூச்சில்லாமல், தகடு அதிரும்படி. கேட்டுவிட்டார்கள், கேட்டுவிட்டார்கள் என்று ஒருவன் இரண்டு கையாலும் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

ஷெர்காசி பின்வாங்கிச் சாணக் குவியலில் விழுந்து எழுந்தான். பெர்மெத்தை நினைத்தான். கணவாய்க் கம்பத்தை நினைத்தான். தகட்டுக்கு அருகே போய், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான்:

"டேப்பட்தான். வேற ஒண்ணுமில்ல."

அடி நின்றது. அவன் வால்வு மூடியை வைத்து நட்டுகளை இறுக்கினான். கடைசி நட்டை முடுக்கும்போது, உள்ளே, ஒரே ஒரு தட்டு. மிகவும் மெதுவாக.

சவுக்கையும் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். கிளப்பினான். மலையேற்றத்தில் இஞ்சின் அலறியது. அந்த அலறலை அவன் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டான். அதன் அடியில் என்ன அடிக்கிறது என்று கேட்க விரும்பவில்லை.

கணவாய் உச்சியில் ஒரு தூணில் பழைய ஸ்டியரிங் சக்கரத்தை மாட்டி வைத்திருந்தார்கள், பனியில் புதைந்த ஓட்டுநர்களின் நினைவாக. அங்கே எந்த வண்டியும் இஞ்சினை நிறுத்தாமல் போகாது. இறங்குவார்கள். பேசமாட்டார்கள். மேலே பனிச்சரிவு முனகுகிறதா, வெடிக்கிறதா என்று காது கொடுப்பார்கள். சும்மா இருந்தால் வேண்டுதலாக இரு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு கிளம்புவார்கள். முனகினால் காத்திருப்பார்கள்.

ஷெர்காசியின் கை சாவிக்குப் போனது. நிறுத்தினால் பனி கேட்கும். பனி மட்டுமா கேட்கும்?

கையை எடுத்துக்கொண்டான். ஒற்றைக் கையால் முகத்தைத் தடவிக்கொண்டு, இஞ்சின் ஓட ஓட, தூணைத் தாண்டினான். கீழே பள்ளத்தாக்கில் ஆஸ்பத்திரியின் புகைபோக்கி தெரிந்தது. வெள்ளைப் புகை. நேர்க்கோடாக.

பிறகு எல்லாமே வெள்ளை.

பிறகு கறுப்பு.

இஞ்சின் செத்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி, சுவர்போல. கதவு அசையவில்லை. அவன் கத்தினான், குரல் வாயருகிலேயே விழுந்தது. சட்டைப்பையில் ஸ்பேனர் இருந்தது. திரும்பி, முதுகுத் தகட்டைத் தட்டினான். நாலைந்து அடி. மூச்சு போதவில்லை. நிறுத்தினான். மறுபடி நாலைந்து அடி.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழந்தையின் பொதிப்பைத் தோளில் போட்டுக்கொண்டான். அது அவன் மூச்சில் நனைந்து நாறியது.

தட்டினான். ஓய்ந்தான். தட்டினான்.

இருட்டில் துழாவிச் சவுக்கை எடுத்தான். பிடியைத் தகட்டில் வைத்துக் காதை அழுத்தினான்.

கேட்டது.

கம்பி சுற்றும் ஓசை. மெல்லிய தகடு ஒன்று இழுபடும் ஓசை. தொலைவில் ஒரு குதிரை. அப்புறம் பனியில் காலடி ஓசை, சுற்றிக்கொண்டு, கிட்டத்தில்.

கதவுப்பக்கம் சற்று நின்றது. பின்னால் வந்தது.

வெளியிலிருந்து, இரண்டு தட்டு.

அவன் இரண்டு கையாலும் அடித்தான். விரல் முட்டி கிழிந்தது. ஸ்பேனர் தெறித்தது. தேடி எடுத்து அடித்தான். இங்கே. இங்கேதான். இங்கே.

தகட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், ஒரு மனிதக் குரல். அவனுக்கு மிகவும் பழகிய குரல்.

"டேப்பட்தான். வேற ஒண்ணுமில்ல."

அவன் கை தொங்கியது.

வெளியே நட்டுகள் இறுகத் தொடங்கின. ஒன்று. அடுத்தது. அடுத்தது. கடைசி நட்டு இறுகும்போது ஸ்பேனரை மறுபடி தூக்கிப் பார்த்தான். ஒரு தட்டுக்குத்தான் பலம் இருந்தது.

லாரி கிளம்பியது.