இரண்டாம் வலை

குளியலறையில் கிராம்பு மணத்தது. திருவொற்றியூரில் குடியிருப்பவர்கள் மூக்கை ரொம்ப நம்பக் கூடாது என்பது மதிக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் அழுகிய முட்டையும் வரும், கருகிய ரப்பரும் வரும், துறைமுகத்து லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் டீசல் புகை சோற்றுப் பானை வரைக்கும் வரும். ஆனால் கிராம்பு எண்ணெய் அப்படிக் காற்றோடு வருகிற சரக்கில்லை. ஈரத்தில் ஊறி, நாக்கு நுனியை லேசாக மரத்துப்போக வைக்கிற இந்த மணம் அவள் வேலை செய்யும் இடத்துக்குச் சொந்தமானது. அது வீட்டுக்குள் எப்படி வந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் வேலை புழல் ஏரி மீன்களோடு. ஏரியில் எவ்வளவு விரால் மிச்சமிருக்கிறது, ஜிலேபிக் கெண்டை வந்தபிறகு அது எவ்வளவு குறைந்தது என்பதுதான் ஆராய்ச்சி. எண்ணிப் பார்க்க ஏரியை வடித்துவிடவா முடியும்? அதனால் வலையில் சிக்கிய விராலைக் கிராம்பு எண்ணெய் கலந்த வாளியில் விடுவாள். மயங்கி மல்லாந்ததும் அளந்து, எடைபோட்டு, துடுப்பின் ஓரத்தில் சின்ன முக்கோணமாக ஒரு வெட்டு வெட்டி, ஏரியிலேயே திரும்ப விட்டுவிடுவாள். சில வாரம் கழித்து இரண்டாம் வலை. அதில் வெட்டுக்குறியோடு வருகிற மீன்களை வைத்துத்தான் மொத்தக் கணக்கு. அப்படி வருவதில் சிலது மட்டும் ஏரிக்குத் திரும்பாது. அறுத்து வயது பார்ப்பதற்காக ஆய்வகத்துக்கு வந்துவிடும்.

எண்ணெய்ப் புட்டி ஆய்வக அலமாரியில் பூட்டித்தான் இருந்தது. போய்ப் பார்த்தாள். அளவும் குறையவில்லை. ஆனாலும் சந்தேகம் என்பது செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி, நடக்க நடக்கத்தான் உறுத்தும். அவள் மகள் மாயா இப்போதெல்லாம் பள்ளிவிட்டு வந்து குளித்ததும் சுருண்டு படுத்துவிடுகிறாள். எழுப்பினால் கண்ணைத் திறக்கிறாள், யாரென்று தெரியாமல் பார்க்கிறாள். ஏழு வயசுப் பிள்ளை சாயங்காலத்தில் இப்படி அடங்கிக் கிடக்காது. அவள் கணவன் சித்தார்த் கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். அவனிடம் சொல்லிக் கலவரப்படுத்த அவளுக்கு மனமில்லை.

மதி வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் கீழ் வீட்டுக் கன்னியம்மா. விடிகாலையில் காசிமேடு போய் மீன் வாங்கி, சாயங்காலம் தெருமுனையில் வறுத்து விற்பவள். அடுப்படியில் மசாலா தடவுகிற நேரத்தில் பிள்ளை காலைச் சுற்றாமல் இருக்க அவள் ஏதாவது கொடுக்கிறாளோ என்ற எண்ணம் ஒருமுறை வந்ததுதான் தாமதம், அப்புறம் அவள் சிரித்தாலும் தப்பாகத் தெரிந்தது, பேசாமல் இருந்தாலும் தப்பாகத் தெரிந்தது.

அன்றைக்கு மழை. நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. மாயாவின் காலைத் துடைத்தபோதுதான் மதி அதைப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்த மெல்லிய தோலில், சின்ன முக்கோணமாக ஒரு வெட்டு. ரத்தமில்லை. ஓரம் சுத்தமாக ஆறியிருந்தது.

அந்த வெட்டு அவளுடையது. அவள் கத்தரி விழுகிற விதம். ஒருநாள் கன்னியம்மா ஆசையாகக் கேட்டாளென்று, வறுக்க வைத்திருந்த சங்கரா மீனின் துடுப்பிலேயே அதை வெட்டிக் காட்டியிருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் மதிக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி.

கன்னியம்மாவை மேலே கூப்பிட்டாள்.

"புள்ளைக்கு இன்னாக்கா குடுத்துத் தூங்க வெக்கிற? கால்ல இன்னா பண்ணி வெச்சிகிற?"

கன்னியம்மா குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "நானா? எம்மா, அந்த வாடை எங்கூட்ல இல்ல, உன் பாத்ரூம்லதான் கீது. புள்ள குளிக்கப் போனா அந்தத் தண்ணி டிரம்முக்குள்ள பாத்து பேசிக்கினு கீது. கூப்டா திரும்பக்கூட மாட்டேங்குது. இன்னிக்கே உன்னான்ட சொல்லணும்னு இருந்தேன். அத்தத் தனியா உள்ள வுடாதம்மா."

குற்றம் செய்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் வேறெங்காவது கையைக் காட்டுவார்கள் என்று மதி நினைத்தாள். நாளையிலிருந்து வரவேண்டாம், சாவியைக் கொடுத்துவிடு என்றாள். கன்னியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் தரையில் வைத்தாள். மழைநாளில் கடை போடுகிற வழக்கம் அவளுக்கில்லை; இருந்தும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு, அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். மதி கதவைத் தாழிட்டாள். நிம்மதியாகத்தான் இருந்தது.

கரண்ட் போனது. மாயா பாயில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மழை ஓட்டுக்கூரைகளிலும் தகரத்திலும் வெவ்வேறு சத்தமாக விழுந்தது, தெருவில் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், குளியலறையில் நீல டிரம்மின் மேல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வரும்போது சாக்கடைத் தண்ணீரில் நடந்து வந்த கால் அரித்தது. மதி கைப்பேசி வெளிச்சத்தில் விரல்களை விலக்கிப் பார்த்தாள்.

அவள் காலிலும் இருந்தது.

அதே இடம். அதே முக்கோணம். ஆறி, தழும்பாகி, பழசாகியிருந்தது. எப்போது? குளித்துவிட்டு வந்து, தலைகூடத் துவட்டாமல் விளக்கு வைக்கும்வரை தூங்கிப்போன அந்த ஞாயிற்றுக்கிழமையா? அசதி என்றுதானே நினைத்தாள். வாளியில் நடந்தது மீனுக்கு ஞாபகம் இருக்காது என்று மாணவர்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். அவள் விராலைப் பிடிக்கிற அதே ஏரியின் தண்ணீர்தான் இந்தத் தெருக் குழாயில் வருகிறது. அந்த நல்ல மனுஷியைப் போய் அப்படிக் கேட்டோமே என்ற வெட்கம் முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது.

முதலில் வெட்டி விடுவது. சில வாரம் கழித்து இரண்டாம் வலை.

"மாயா."

பாயில் பென்சில் மட்டும் கிடந்தது.

வாசற்கதவைத் திறந்து கன்னியம்மாவைக் கூப்பிட்டாள். கீழே பூட்டு. இருட்டு. மழை. இன்னொருமுறை கத்தப் பார்த்தாள், நாக்கு எழும்பவில்லை. உதடு மரத்திருந்தது. கிராம்பு மணம் கூடம் முழுக்க இறங்கியிருந்தது. குளியலறைப் பக்கம் ஓடினாள். முழங்கால் மடங்கியது. விழுந்தாள். வலிக்கவில்லை.

குளியலறைக் கதவு திறந்திருந்தது.

மாயா டிரம்முக்கு மேலே இருந்தாள். நிற்கவில்லை. படுத்த வாக்கில், அந்தரத்தில். மஞ்சள் கவுனிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் அவளை எதுவோ மெல்லத் திருப்பியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். இமையைத் தூக்கிப் பார்த்தது. வாயைத் திறந்து பார்த்தது. எந்தக் கையும் தெரியவில்லை. பிறகு இடது கால் தானாக நீண்டது. விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

கடைசி விரலில் நின்றது.

வேண்டாம் என்று மதி சொன்னாள். உள்ளுக்குள்தான். என்னை எடு. எனக்கும் இருக்கிறது, பார். என்னை எடு.

மாயா தலைகீழாக டிரம்முக்குள் இறங்கினாள். சத்தமில்லை. ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை.

அப்புறம் மதியின் உடம்பு தரையை விட்டு எழுந்தது. குளிர்ந்த, வழவழப்பான பிடி. அவள் கால் விரல்கள் விலகின. வெட்டைத் தொட்டுப் பார்த்தது. காத்திருந்தது. யோசிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அந்த இடத்தில் அவளும் யோசிப்பாள், இதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று.

அவளைக் குப்புறத் திருப்பி, முகத்தை டிரம் தண்ணீரில் தாழ்த்தியது. மூழ்கடிக்கவில்லை. முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தது. தெளியாத மீனை அவளும் அப்படித்தான் கையில் ஏந்தி அசைப்பாள், நல்ல தண்ணீர் உள்ளே போய் உயிர் திரும்பட்டும், நீந்திப் போகட்டும் என்று. உதட்டில் உணர்ச்சி வந்தது. விரல் நுனியில் வந்தது. கண் தெளிந்தது.

கீழே மஞ்சள் கவுன் தெரிந்தது. மாயா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள்.

டிரம் இடுப்பளவு உயரம்தான். அவள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தாள்.