முனிர்காவிலிருந்து வந்த அழைப்பு

காலையில் பழைய அழைப்புகளைச் சரிபார்க்கத் தொடங்கியதிலிருந்து சர்வர் நான்கு முறை செயலிழந்து விழுந்துவிட்டது. நான்கு முறையும் ஒரே அழைப்பைப் படிக்கும்போது. அதுதான் அபிராமிக்கு உறுத்தியது.

டெல்லி முழுக்கப் புகைமூட்டம். எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டதால், அந்தத் தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் இரண்டாவது மாடியில் பிற்பகல் மூன்று மணிக்கு அவள் மட்டும் இருந்தாள். ஜன்னல் இடுக்கில் கசிந்த வைக்கோல் தீயின் வாடை தொண்டையைக் கீற, சர்வர் அறையின் விசிறிகள் இரைந்து, தணிந்து, யாரோ மூச்சுக்குத் திணறுவதுபோல மறுபடி இரைந்தன.

காரணம் பிடிபட்டிருந்தது. எல்லாம் வேகமாக ஓடட்டும் என்று, தீபாவளிக்கு முன், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் வேக அமைப்பை உச்சத்துக்கு ஏற்றியவள் அவளேதான். சர்வரை விழாமல் காத்துவந்த ஒரு சோதனையை, தேவையில்லை என்று கம்பைலர் கழித்துவிட்டிருந்தது. அமைப்பைக் குறைத்து மறுபடி கம்பைல் செய்யும்படி மேலாளர் அபினவ் ஃபோனில் சொன்னார்.

செய்வதற்கு முன் அந்த அழைப்பைத் திறந்து பார்த்தாள். நவம்பர் ஒன்பது, மாலை 6.12. முனிர்கா. அவள் வீட்டு முகவரி.

ஜெயராம்.

வண்டி வருகிறது என்ற பதிலை நம்பி, மூச்சிரைப்போடு ஐம்பது நிமிடம் காத்திருந்து செத்துப்போன அவள் கணவன். டிராஃபிக் என்றார்கள். இத்தனை நாளும் டிராஃபிக்கைத்தான் சபித்துக்கொண்டிருந்தாள். அவள் மாற்றிய அமைப்பால் சர்வர் அன்றைக்கே அந்த அழைப்பில் விழுந்திருந்தது. வண்டி கிளம்பவே இல்லை.

வெகுநேரம் அழுதாள். பிறகு அமைப்பைக் குறைத்து, மறுபடி கம்பைல் செய்தாள். சர்வர் இம்முறை விழவில்லை. ‘காத்திருப்பு’ என்றிருந்த அழைப்பு ‘வண்டி அனுப்பப்பட்டது’ என்று மாறியது. ரத்து செய்யக் கை போனது. செய்யவில்லை.

அரைமணி நேரத்தில் டிரைவர் இஸ்மாயில் கூப்பிட்டான்.

“மேடம், முனிர்கா கேஸ ஏத்திட்டேன். வாசல்லயே உக்காந்திருந்தாரு. காலப் பிரிச்சு வைக்க முடியலன்னாரு, தூக்கித்தான் ஏத்துனேன். ஆஸ்பத்திரி வேணாமாம். உங்க ஆபீஸுக்குத்தான் போகணுமாம்.”

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு இரைப்பு. அவளுக்குத் தெரிந்த இரைப்பு.

“அபி. வண்டி வந்துடுச்சு. நீ அழாத.”

கீழே வண்டி நின்றது. கதவு திறந்தது.

எழுந்து போய் மாடிப்படி வளைவில் எட்டிப் பார்த்தாள். புகை உள்ளே ஏறியிருந்தது. கைப்பிடியில் ஒரு கை. மூக்கில் பஞ்சு. சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் முன் கட்டிய துணி அவிழவில்லை. கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அதனால் அவன் நடக்கவில்லை.

ஒவ்வொரு படியாக, அவள் முகத்தையே பார்த்தபடி, குதித்துக் குதித்து ஏறிவந்தான்.