அளந்து ஊற்றிய மரணம்

“சார்...! சம்பந்தம் செத்துட்டான் சார்!”

கிருஷ்ணகுமாரின் அலறலில் பட்டான்செரு மருந்துத் தொழிற்சாலையே ஒரு நிமிடம் நின்றது.

மேஜைக்கடியில் சம்பந்தம். வாயோரம் நுரை. பக்கத்தில் உருண்டு கிடந்தது அவனுடைய காபி பிளாஸ்க். காலி!

ஆனால்...

சம்பந்தம் சாகவில்லை!

மூன்றாம் நாள் காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தான். முதலில் தெரிந்தது மனைவி மாதங்கியின் அழுது வீங்கிய கண்கள். அடுத்து... காக்கி.

“இன்ஸ்பெக்டர் சபீனா. செகந்திராபாத்ல பொறந்தாலும் வீட்ல தமிழ்தான், தைரியமா பேசுங்க.” நாற்காலியை இழுத்துப் போட்டாள். “மேடம், சாருக்கு ஒரு இளநீர் வாங்கிட்டு வாங்களேன்.”

மாதங்கி அவன் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனாள்.

“உங்க காபியில நிகோடின்!”

“நி... நிகோடினா?”

“ஹவ், ஆமா. உங்க கம்பெனி தயாரிக்கறதே நிகோடின் சூயிங்கம்தானே? கிருஷ்ணகுமாரை ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்கேன். உங்களுக்கு வந்த புரமோஷன் அவனுக்கு வர வேண்டியதாமே?”

“ஐயோ, அவன் என் ஃப்ரெண்டு மேடம்!”

“ஃப்ரெண்டுக்குத்தான் பிளாஸ்க் எங்க இருக்குன்னு தெரியும். ஆனா ஒண்ணு இடிக்குது. யாரோ கணக்குப் போட்டு அளந்து ஊத்தியிருக்காங்க. சிகரெட் தொடாத ஆளுக்கு அது மேலோக டிக்கெட். நீங்க எப்படிப் பொழைச்சீங்கன்னு டாக்டரே தலையைச் சொறியறாரு!”

சம்பந்தம் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

“மாதங்கிகிட்ட சொல்லிடாதீங்க மேடம்... நான் சிகரெட்டை விடவே இல்ல!”

வெட்கம் பிடுங்கித் தின்றது. மாதங்கியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் அவன்! அவள் உப்பல் ஆராய்ச்சிக்கூடத்தில் மூளை விஞ்ஞானி. மூளையில் நிகோடின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள், அதாவது ரிசெப்டர்கள்தான் அவள் உலகம். சத்தியத்துக்கு ஒரு வருஷம் ஆன அன்று, கொண்டாப்பூர் ஃப்ளாட்டில் கேக் வெட்டி ஊட்டினாள்.

‘புகைக்கிறவங்க மூளையில அந்த ரிசெப்டர்லாம் பெருகும்ங்க, மரத்தும் போகும். இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு ஆளை ஆட்டி வைக்கும். உங்களுக்குத்தான் எல்லாம் பழைய நிலைக்கு வந்தாச்சே! இனிமே நிகோடினுக்கு நீங்க பச்சைக் குழந்தை!’

கேக் தொண்டையில் அடைத்தது. அன்று மதியம்தான் நாலு சிகரெட் முடித்திருந்தான்!

“அப்ப பழகின மூளை அடியைத் தாங்கிடுச்சு.” சபீனா முன்னால் குனிந்தாள். “நீங்க புகைக்கிறது யாருக்கெல்லாம் தெரியும்?”

“ஃபேக்டரி முழுக்க! பின்கேட் இரானி டீக்கடையில தினமும் கிருஷ்ணகுமார்தான் பத்த வெச்சுக் குடுப்பான்.”

“அவன் ஊத்தியிருந்தா இன்னும் கூடவே ஊத்தியிருப்பான். சரி... தெரியாதது யாருக்கு?”

“மாதங்கிக்கு மட்டும்...”



பச்சைக் குழந்தை...!

பச்சைக் குழந்தைக்கு அளந்த அளவு!

தினமும் காலையில் பிளாஸ்கை நிரப்பித் தரும் கை யாருடையது?

“இல்ல மேடம்... மூணு நாளா அழுதுட்டே இருக்கா...”

“அழுதது நீங்க பொழைச்சதுக்கு.” செல்போனை நீட்டினாள் சபீனா. “அடுத்த மாசம் பெர்லின், ரெண்டு டிக்கெட். ஒண்ணு உங்க மனைவிக்கு, இன்னொண்ணு அவங்க லேப் தலைவர் அனந்தகிருஷ்ணனுக்கு. கருத்தரங்கமாக்கும்னு விட்டுட்டேன். ரிட்டர்ன் டிக்கெட் போடாதப்பவே யோசிச்சிருக்கணும்!”

வாசலில் சத்தம்.

மாதங்கி. கையில் இளநீர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை. கோபம்!

“என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்களே...!” குரல் உடைந்தது. “ஒரு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க! எப்படிங்க மனசு வந்தது?”

“ஸாரி மாது...” என்றான் சம்பந்தம், பழக்கதோஷத்தில்!

வெளியே காவலுக்கு நின்ற பெண் கான்ஸ்டபிள் அவளை அழைத்துப் போனாள். இளநீர் மட்டும் மேஜையில் நின்றது. சம்பந்தம் அதையே வெறித்தான். ஆறு வருஷக் கல்யாணம்... அத்தனை காலைக் காபியும் இப்போதுதான் கசந்தது.

“இதைத் தொடாதீங்க, போலீஸ் லேபுக்குப் போகுது. வேற ஏதாவது வேணுமா?”

“ஒரே ஒரு சிகரெட்...”

“நக்கோ! கூடவே கூடாது!” சபீனா தொப்பியை மாட்டினாள். “உங்களைக் கொல்லப் பாக்கற ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் பிடிச்சிருக்கேன். இன்னொருத்தனை நானே பத்த வெச்சு வேற குடுக்கணுமா?”