லென்ஸுக்குள் ஒரு முடி

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் உட்காரவில்லை. துணியில் பொதிந்திருந்த கேமராவைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "இந்த லென்ஸ் எப்படிக் கெட்டுதுன்னு எனக்குச் சொல்லணும். சரி பண்றதெல்லாம் அப்புறம்" என்றார்.

கவுண்டரில் இருந்தவனுக்கு அவசரம் என்று பெயர். வைத்தது அவனுடைய அண்ணி. லென்ஸ் பழுது பார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அண்ணியை விஞ்ச ஆள் இல்லை. வாடிக்கையாளர் வாயைத் திறந்த உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவதில் அவனை விஞ்சவும் ஆள் இல்லை. அவன் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்கூட இதுவரை குற்றவாளியாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

பெரியவர் ஆள் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர். தலை பஞ்சாய் வெளுத்திருக்க, மீசை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"உள்ள புகை படிஞ்சிருக்கு. கொஞ்ச மாசமா வரவர மோசமாகுது. எல்லாம் என் மருமகன் வேலை. ஒண்ணு, நோண்டிக் கெடுத்திருக்கணும். இல்ல, நல்ல கண்ணாடியை உருவி வித்துட்டு மட்டமானதைப் போட்டிருக்கணும்."

"அவரைக் கேட்டீங்களா?" என்றாள் அண்ணி, உள்ளறையிலிருந்து வந்தபடி.

"கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான், வாயே திறக்கல. தப்பு பண்ணாதவன் ஏன் குனியணும்? சாயங்காலத்துக்குள்ள கிளம்புன்னு சொல்லிட்டேன். அவன் போனா நானும் போறேன்னு என் பொண்ணு பெட்டி கட்டிட்டிருக்கா." அதுவரை அதட்டலாக வந்த குரல் சட்டென்று இறங்கியது. "எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான்."

மருமகன்தான், சந்தேகமே இல்லை என்று அவசரம் அப்போதே முடிவுகட்டிவிட்டான்.

"புகை எப்படித் தெரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க ஐயா."

பெரியவர் இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணில் கேமராவை ஒட்டவைத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "நடுவுல பால் தெளிச்ச மாதிரி இருக்கு. வெளிச்சத்துக்கு எதிரே இன்னும் மோசம்." கேமராவை இறக்கியவரின் பார்வை அண்ணியின் தலைக்கு மேல் போனது. பின்சுவரில் ஒரு சிறிய பலகை. அதை எட்ட நின்றே படித்தார். "'பழுதுக்கான காரணம் சொல்லப்பட மாட்டாது.' இந்தக் கதையெல்லாம் என்கிட்ட ஆகாதும்மா."

அந்தப் பொடி எழுத்தைத் தன்னாலேயே இங்கிருந்து படிக்க முடியாதே என்று அவசரம் வியந்தான்.

பெரியவர் இரண்டு படங்களை எடுத்து வைத்தார். ஒரே பெண், ஒரே நாற்காலி. "ஒரே நாள்ல, இதே லென்ஸ்ல எடுத்தது. முதல் படம் நான், ரெண்டாவது அவன்." முதல் படத்தில் பெண்ணின் முகம் மங்கலாக இருந்தது. இரண்டாவதில் இமைமுடியை எண்ணலாம். "என் படத்துல புகை அப்படியே தெரியுது. அவன் கம்ப்யூட்டர்ல திருத்தித் திருத்தி மறைக்கிறான். திருடனுக்குத்தானே மறைக்கத் தோணும்?"

பெரியவரைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு அண்ணி கேமராவோடு உள்ளறைக்குப் போனாள்; அவசரமும் பின்னால் போனான். விளக்கை அணைத்துவிட்டு, கழற்றிய லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தாள். இருட்டில் தூசித் துகள்கள் மினுங்கின.

"எவ்வளவு தூசி அண்ணி" என்றான் அவசரம்.

"தூசி இல்லாத லென்ஸை நான் இன்னும் பார்க்கல. இது எதுவும் படத்துல தெரியாது. புகை இருந்தா இந்த வெளிச்சத்துல கண்ணாடி முழுக்க வெளுத்துக் காட்டும். காட்டல. பூஞ்சையும் இல்ல."

"அப்ப கண்ணாடியை மாத்தியிருக்கான்."

"மேல் பூச்சு எல்லாக் கண்ணாடியிலயும் ஒரே ஊதா நிறம். மாத்தல. ஆனா யாரோ பிரிச்சிருக்காங்க." முன்கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தில், ஏதோ கூர்முனை வழுக்கிப் போன கீறல்கள் இருந்தன. அதைக் கழற்றினாள். கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருந்த ஒரு முடியை இடுக்கியால் எடுத்து வைத்தாள். குட்டையான, தடித்த முடி. கறுப்பு. ஒரு நுனி மட்டும் வெள்ளை.

"பிரிச்சது மருமகன்தான். வேற யாரு?"

"அவர் பொண்ணையும் மருமகனையும் கூப்பிட்டு வா. சொல்றேன்" என்றவள், அலமாரியிலிருந்து கடையின் சொந்த லென்ஸ் ஒன்றை எடுத்தாள். அதே ரகம், புதியது. அதைப் பெரியவரின் கேமராவில் மாட்டினாள். ஏன் என்று கேட்க வாயெடுத்தவனை ஒரு பார்வையிலேயே அடக்கினாள்.

மகள் அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். மழமழவென்று சவரம் செய்திருந்த மருமகன் வாசலோடு நின்றுகொண்டான். தலை குனிந்தே இருந்தது.

அண்ணி கேமராவைப் பெரியவரிடம் நீட்டினாள். "இப்பப் பாருங்க ஐயா."

இடது கண்ணை மூடிப் பார்த்தார். "அதே புகை. இம்மிகூடக் குறையல."

"இதுல மாட்டியிருக்கிறது உங்க லென்ஸ் இல்ல. கடையோட புது லென்ஸ். உங்களுது உள்ள மேஜை மேல இருக்கு."

"அப்ப கேமராவுல கோளாறு" என்றார் பெரியவர் உடனே.

கேமரா மகளின் கைக்குப் போனது. அவள் பார்த்தாள். "தெளிவா இருக்குப்பா" என்றாள் தயங்கி.

"கேமராவை விடுங்க. இடது கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பலகையைப் படிங்க."

பெரியவர் மூடினார். நெற்றி சுருங்கியது. ஒரு அடி முன்னால் வைத்தார். பலகை இருக்கும் இடமே அவருக்குக் குத்துமதிப்பாகத்தான் தெரிந்தது போலும்.

"இப்ப மாத்தி மூடுங்க."

"பழுதுக்கான காரணம்…" என்று கடகடவென ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்த முறை அவர் உட்கார்ந்தார்.

"மத்த நேரமெல்லாம் ரெண்டு கண்ணும் திறந்திருக்கு. வலது கண்ணோட வேலையையும் இடது கண்ணே சேர்த்துப் பார்த்துடுது. கேமராவைத் தூக்கினா மட்டும்தான் நல்ல கண்ணை மூடறீங்க. அதனாலதான் குறை கேமராவுக்குள்ள இருக்கிற மாதிரி தோணியிருக்கு. புரையா இருக்கலாம், கண் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சது லென்ஸ்தான். அது ஆள் பார்த்து வேலை செய்யாது. ஒரே லென்ஸ்ல அவர் படம் தெளிவா வந்து உங்க படம் மட்டும் மங்கினா, காரணம் லென்ஸ் இல்ல. புகையா தெரிஞ்ச கண்ணை வச்சுக் கையால ஃபோகஸ் பண்ணியிருக்கீங்க, அது தப்பி முகம் மங்கியிருக்கு."

"அப்ப அந்த முடி?" என்றான் அவசரம், பொறுக்காமல்.

அண்ணி அதை வெள்ளைத் தாளில் வைத்துக் கவுண்டருக்குக் கொண்டுவந்தாள். "லென்ஸைப் பிரிச்சவர் அது மேல ரொம்பக் குனிஞ்சிருக்கார். அடியில நரை, மேல சாயம்."

எல்லோரும் மரியாதைக்காக வேறெங்கோ பார்த்தார்கள். பெரியவரின் விரல் தானாக மீசைக்குப் போனது.

"நான்தான் பிரிச்சேன்" என்றார் மெல்ல. "துடைச்சா சரியாயிடும்னு நினைச்சேன். ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸை வச்சுத் திருகினேன், வழுக்கிடுச்சு. வெளிய சொல்ல வெட்கமா இருந்தது. துடைச்சும் புகை போகாததால கண்ணாடியையே மாத்திட்டாங்கன்னு…"

அண்ணி வாசல் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மாமா பிரிக்கிறதைப் பார்த்தேன். கண்ணைப் பத்தியும் சந்தேகம் இருந்தது. அவர் படத்தைத்தான் திருத்தி அனுப்பிட்டிருந்தேன், என் படத்தை இல்ல. ஸ்டூடியோவுக்கு வர்றவங்க மாமா கையால எடுக்கணும்னு வர்றாங்க. அவர்கிட்டப் போய் உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு நான் எப்படிச் சொல்ல?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மகள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

அவசரத்துக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. காலையிலிருந்து அந்த மனிதனை எத்தனை தரம் திருடனாக்கியிருப்பான்.

பெரியவர் மீசையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு எழுந்து கேமராவை எடுத்து இடது கண்ணில் வைத்தார். ஆயுள் முழுக்க வலது கண்ணால் பார்த்துப் பழகியவர். மூக்கு கேமராவின் முதுகில் இடித்தது. வலது கண் மூட மறுத்துத் திறந்து திறந்துகொண்டது. வேறு நாளாக இருந்தால் அவசரம் சிரித்திருப்பான்.

ஒருவழியாக நிலைப்படுத்திக்கொண்டு, கேமராவை வாசலை நோக்கித் திருப்பினார்.

"மாப்பிள்ளை" என்றார். வந்ததிலிருந்து அவன், இவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், ஸ்டூடியோவில் வாடிக்கையாளர்களிடம் பேசும் அதே பதமான குரலில் சொன்னார்: "தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க."

மருமகன் நிமிர்ந்தான்.

"அப்படியே இருங்க." பெரியவர் லென்ஸ் வளையத்தை மெதுவாகத் திருகினார். முகம் தெளிவாக வந்ததும் பொத்தானை அழுத்தினார்.