முனை தாண்டாத தேங்காய்

தம்புசாமி சுங்கத்துறையில் முப்பது வருடம் மூட்டை பிரித்துப் பார்த்தவர். பொய்யன் எவனாவது வாசலில் செருப்பைக் கழற்றினாலே அவருக்குத் தும்மல் வரும் என்று மலாக்காவின் லூபோக் சீனா கிராமத்தில் பேச்சு. அவருக்குக் கையாள் குகன். துப்பு என்றால் தன் லோரியையே நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடி வருவான்.

அன்று காலை பவானேஸ்வரி ஒரு துணிப்பையோடு வந்தாள். அவள் கணவன் கிஷன் சரக்குக் கப்பல் மாலுமி. கடலிலேயே இறந்துபோனான், பை மட்டும் திரும்பியிருந்தது.

“கவனமில்லாம விழுந்து செத்தாருன்னு கம்பெனித் தாள்ல சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடணுமாம், ஐயா. நாளைக்கு மக கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

பையில் விலைச்சீட்டு பிரிக்காத சுவெட்டர். அதனடியில் மஞ்சள் பூசிய முழுத்தேங்காய்.

“இது எதுக்குக்கா?” என்றான் குகன்.

“செங்கடல்ல ஏவுகணை விடுறாங்க, ஆப்பிரிக்காவைச் சுத்திப் போறோம்னாரு. புது வழியாச்சே. தெற்கு முனை திரும்புறப்ப உடைக்கக் கொடுத்தேன்.”

புதுப்பாதையின் முதல் வளைவில் தேங்காய் உடைக்காமல் கிஷனைப் போன்ற எஸ்டேட்டுக்காரன் வண்டியைத் திருப்ப மாட்டான். குகன் தேங்காயைத் திருப்பிப் பார்த்தான். “மாமா, கப்பல் அங்க போகவே இல்ல.”

“மறந்தும் இருக்கலாம்டா. ஏஜெண்டைக் கூப்பிடு.”

கப்பல் ஏஜெண்ட் தனபாலன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். தம்புசாமி இரண்டு முறை தும்மினார்.

“எப்படி விழுந்தாரு?”

“ஜூலை இருபது, முனையைத் தாண்டின மறுநாள். வெயில் தாங்காம டெக்குல படுத்தாரு. தூக்கத்துல உருண்டுட்டாரு, பாவம்.”

“நீ மலாக்காவை விட்டு வெளிய போயிருக்கியா?”

“ஒருவாட்டி ஜோகூர்.”

“அதான். நமக்கு வருஷம் பூரா வெயில். அங்க ஜூலையில பல்லு கிட்டுற குளிரு. கிஷன் அங்க போயிருந்தா சுவெட்டரைப் பிரிச்சிருப்பான், தேங்காயை உடைச்சிருப்பான், டெக்குல படுத்திருக்க மாட்டான். கப்பல் செங்கடல்லதானே போச்சு?”

தனபாலன் தரையைப் பார்த்தார். “பத்து நாள் மிச்சம்னு கப்பல் இருக்கிற இடத்தைக் காட்டுற சிக்னலை அணைச்சிட்டுப் போனாங்க. அப்படியும் ஏவுகணை விட்டு அடிச்சிட்டாங்க, கிஷன் அதுல போயிட்டாரு. விழுந்தாருன்னு மட்டும்தான் கம்பெனி சொல்லச் சொல்லிச்சு. வெயிலு என் கைச்சரக்கு.”

இம்முறை தம்புசாமிக்குத் தும்மல் வரவில்லை.

பவானேஸ்வரி கையெழுத்திடாத தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். தேங்காயை எடுத்துத் தனபாலனிடம் நீட்டினாள்.

“கம்பெனியில கொடுங்கண்ணே. அடுத்த கப்பலாவது சுத்திப் போகட்டும். முனையில உடைக்கச் சொல்லுங்க.”

அவர் வாங்கிக்கொண்டார். அவர் படியிறங்கிப் போகையில் தேங்காய்க்குள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் மட்டும் குகனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.