பல் முளைக்காத பிள்ளைகள்

கரண்ட் போனால் பிள்ளைகள் கத்த வேண்டும். அன்று கத்தவில்லை.

பூங்காக் காவல்காரர் நாச்சிமுத்துவுக்கு அதுதான் முதலில் உறைத்தது. பொழுது இறங்கும் நேரம். சுற்றியிருந்த பனியன் கம்பெனிகளில் மிஷின் இரைச்சல் ஒரேயடியாக அடங்கி, சாயத்தண்ணீர் ஓடும் சாக்கடையின் புளித்த வாடை மட்டும் மதிலைத் தாண்டி வந்துகொண்டிருக்க, ஒரு ஊஞ்சலும் ஒரு சறுக்கு மரமும் வைத்ததோடு நிறைந்துபோன அந்தத் துண்டு நிலத்தில் சின்னச் சிரிப்புகூட எழவில்லை.

வீட்டுமனைக்குச் சைட் போட்டவர்கள் வைத்த பூங்கா அது. முன்னே அங்கே என்ன இருந்தது என்று வீடு வாங்கியவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் விற்கிறவன் உண்மையா சொல்லப்போகிறான்? பல் முளைக்கும் முன்னே செத்த பிள்ளைகளை ஊர்க்காரர்கள் புதைத்த மேடு. நாச்சிமுத்துவும் மூன்று மாதப் பெண் குழந்தையைத் துணியில் சுற்றி அங்கே தூக்கி வந்தவர்தான். மேட்டை நிரவினபோது அடையாளத்துக்கு நட்டிருந்த கல்லும் போயிற்று. பெண்கள் புதைகாட்டுக்கு வரும் வழக்கமில்லை. அவர் மனைவி சென்னம்மாள் அந்த இடத்தைப் பார்த்ததே கிடையாது. இங்கே அவர் காவலுக்குச் சேர்ந்த பிறகு, சாயங்காலம் காப்பி கொண்டுவரும்போதெல்லாம் கேட்பாள்.

"எந்த எடமுங்க?"

"உனக்கு வேற சோலியில்லையா? எல்லாம் ஒரே மண்ணுதான்."

தெரிந்தால் சொல்லமாட்டாரா?

இருட்டுக்குக் கண் பழகியது. பிள்ளைகள் படுத்திருந்தார்கள். புல்லில் சிலர், மணலில் சிலர், கைகாலை ஒடுக்கிக்கொண்டு. எல்லோரும் தெற்கே தலைவைத்து. பிணத்தைத்தான் அப்படி வைப்பார்கள்.

மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த பாண்டித்துரையின் மகள் அனுசுயா அவர் காலடியில் கிடந்தாள். தொட்டார். சில்லென்றிருந்தது.

"கண்ணு, எந்திரி. ஊட்டுக்குப் போ."

அவள் கண் திறக்கவில்லை. "மெதுவா பேசுங்க தாத்தா. எனக்குக் கீழ ஒண்ணு தூங்குது."

கேட் பக்கம் சத்தம். சென்னம்மாள். காப்பி இருந்த தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, படுத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். ஒவ்வொருவராக. நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"அதானுங்களா?"

"நில்லு புள்ள. அங்க போகாத."

நிற்கவில்லை. போனாள். ஒருக்களித்துப் படுத்தாள்.

கரண்ட் வந்தது. மிஷின்கள் இரைந்தன. பிள்ளைகள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்கு ஓடினார்கள். சென்னம்மாள் எழவில்லை.

கிட்டே போனார். முந்தானை நனைந்திருந்தது. பால் வாடை. எழுபதை நெருங்கும் உடம்பு.

"எந்திரி. போலாம்."

"செத்த இருங்க. இன்னும் பசியாறல."

அவள் மார்புக்குக் கீழே மண் குவிந்தது. குழிந்தது. மறுபடி குவிந்தது.

பிள்ளைகள் எழுந்துபோன இடங்களிலும் மண் அசைந்தது. ஒவ்வொன்றாக. அவளை நோக்கி நகர்ந்தது.